உதிரி சார் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டது

துண்டுச்சீட்டை அவர் கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பார். கம்பி வலைத் திறப்பின் வழியே மெக்கானிக் யாராவது சீட்டை நீட்டினால், இரண்டு விரலால் வாங்கி மேசை விளிம்பில் வைத்து மடிப்பை நீவுவார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குவார். முதலில் அடியில் இருக்கும் கையெழுத்து. யார் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு தேதி. தேதிக்கு மேலே எண்ணிக்கை. என்ன பொருள் என்பதைக் கடைசியாகத்தான் பார்ப்பார். பார்க்கும்போதே வலது கை தானாகப் பின்னால் போய், அந்தப் பொருள் இருக்கிற அடுக்கைத் தொட்டிருக்கும்.

பேருந்துப் பணிமனையின் உதிரிப்பாகக் கிடங்குக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் பொறுப்பாளர். நான் அங்கே எழுத்தராகச் சேர்ந்து இரண்டு வருடம். எங்கள் இருவர் மேசைக்கும் நடுவில், கிளட்ச் தட்டுகளை நிறுத்தி வைத்த ஓர் அலமாரி. தட்டுகளின் நடு ஓட்டை வழியாக அவர் முகம் எனக்கு வட்ட வட்டமாகத் தெரியும். ஒரு வட்டத்தில் காது, ஒன்றில் பேனா, ஒன்றில் நரைத்த மீசையின் ஒரு முனை. அதிகம் பேசாத எனக்கு அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

பணிமனையில் அவருக்கு உதிரி என்று பெயர். கிடங்கில் இருப்பதால் வந்த பெயர் என்றுதான் புதிதாகச் சேருகிறவர்கள் நினைப்பார்கள். காரணம் வேறு. அவர் சட்டைப்பையில் ஒரே நிறத்தில் இரண்டு பேனா. இழுப்பறையில் இன்னொரு கண்ணாடி, இன்னொரு சட்டை, இன்னொரு ஜோடிச் செருப்பு. கிடங்குச் சாவிக்கு ஒரு நகல், அந்த நகலுக்கு ஒரு நகல்.

"வீட்ல அண்ணியும் ரெண்டாண்ணே?" என்று போர்மேன் ஒருநாள் சன்னலில் முகத்தை வைத்துக் கேட்டார்.

"ஒருத்தர்கிட்ட வாங்குறதே போதும். அதுக்கு மட்டும் ஸ்டாக் வைக்கிறதில்ல" என்றார் இவர், சிரிக்காமல்.

ஒரு பேருந்தை முழுக்கக் கழற்றித் தரையில் பரப்பினால், எந்தத் துண்டு எங்கே போகும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஓட்டத் தெரியாது. பேருந்து மட்டுமில்லை, சைக்கிள்கூட. வேலைக்கு நடந்து வருவார், இரண்டு குடையோடு.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, கிளட்ச் தட்டுகளுக்கு அப்பால் இருந்து கேட்டார்:

"தம்பி, இந்த டிவியில லாரி ஓட்டுற விளையாட்டு... சேறு, காடு, அதெல்லாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். நான் அதில் இருநூறு மணி நேரம் தொலைத்திருக்கிறேன். சாலையே இல்லாத மலையிலும் சதுப்பிலும் பெரிய லாரிகளை ஓட்டி, சரக்கைக் கொண்டு சேர்க்கிற விளையாட்டு. வேகத்துக்கு வேலையே இல்லை. ஒரு பள்ளத்தைத் தாண்ட இருபது நிமிடம் ஆகும். தாண்டிய பிறகு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரிப்போம்.

"தெரியும் சார்."

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என்னென்ன வேணும்னு எழுதித் தர முடியுமா? அவசரம் இல்ல. இந்த வாரத்துக்குள்ள."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அன்று மாலையே எட்டு வரி எழுதி, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அது என் மேசையில் இருந்தது.

"கையெழுத்து இல்லாம நான் எதையும் எடுத்துக்கிறதில்ல தம்பி."

போட்டுக் கொடுத்தேன். தேதியும் போட்டேன்.

"அப்புறம், ஏன் பாதியிலேயே அடுத்த வரிக்குப் போறீங்க? பேப்பர் இவ்வளவு அகலமா இருக்கே."

நான் படிக்கிற கவிதைப் புத்தகங்களின் தோஷம். சொன்னால் விளக்க வேண்டியிருக்கும் என்று "பழக்கம் சார்" என்றேன்.

விஷயம் என்னவென்று சனிக்கிழமை மதியம்தான் தெரிந்தது. "ஒண்ணும் சரியா வரல, ஒரு நடை வந்து பாருங்க" என்று வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை. தொலைக்காட்சிக்குக் கீழே, பூத் தையல் போட்ட துணி உறைக்குள் ஒரு கேம் பெட்டி. அது மகளுடையது. மகள் எட்டு மாதமாக வேறு ஊரில், விடுதியில் இருந்தாள். காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிற படிப்பு.

அவர் உள்ளே சட்டை மாற்றப் போன நேரத்தில், அவர் மனைவி எனக்கு டீ வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சொன்னாரா?"

"இல்ல ஆன்ட்டி."

"சொல்ல மாட்டார். அவளுக்கு அந்தப் படிப்புல இடம் கிடைச்சுது. எண்பது மீட்டர் உயரம்னு எவனோ இவர்கிட்ட சொல்லிட்டான். இவர் என்ன பண்ணினார் தெரியுமா? அவளுக்குத் தெரியாம அந்த இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன் போட்டு, 'அவ வரல, பேரை எடுத்துடுங்க'ன்னுட்டார். உங்க கிடங்குல சீட்டை ரத்து பண்ற மாதிரி. அவ போய் அழுது, மறுபடி இடம் வாங்கி, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா."

"இப்ப பேசுறாங்களா?"

"என்கிட்ட ஒரு மணி நேரம் பேசுவா. இவர் போனை வாங்கினா, 'நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க.' அவ்வளவுதான். எட்டு மாசமா அதே நாலு வார்த்தை."

பிறகு அவரே சிரித்துவிட்டார். "போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன், எடுக்கல. சாயங்காலம் லாரி ஓட்டிட்டு இருப்பான்னு இவர்கிட்ட சொன்னேன். மனுஷனுக்கு வேர்த்துப் போச்சு. கோபுரமும் ஏறி லாரியும் ஓட்டுறாளான்னு. அது வெறும் விளையாட்டுன்னு புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அடுத்த நாளே உங்ககிட்ட வந்து நின்னிருக்கார்."

அந்த விளையாட்டில், அவள் விடுதியில் தன் மடிக்கணினியிலும் இவர் வீட்டில் இந்தப் பெட்டியிலும் இருந்தாலும், நான்கு பேர் வரை ஒரே காட்டில் சேர்ந்து ஓட்டலாம். மகளோடு போய்ச் சேருவதற்கு அவருக்குத் தெரிந்திருந்த ஒரே வழி அதுதான்.

உள்ளே இருந்து வந்தவர், தேர்வு எழுதப்போகிறவர் மாதிரி என் சீட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டத்தில் செருகினார். ஓட்ட ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் பார்த்தேன். எல்லாம் தலைகீழாக இருந்தது. முதல் வேலையாகப் பெரிய டிரெய்லரை மாட்டினார். அதில் சரக்கு ஏற்றினார். பிறகு ஆற்றில் இறங்கினார். இன்ஜின் மூழ்கி நின்றபின், சின்ன ஜீப்பை எடுத்துக்கொண்டு வழி பார்க்கக் கிளம்பினார்.

"சார், நான் முதல்ல ஜீப்புல போய் வழி பாருங்கன்னுதானே எழுதியிருந்தேன்?"

"அது கடைசியில இருந்துச்சே."

"மேலதான் சார் இருந்துச்சு."

இருவரும் சீட்டைப் பார்த்தோம். அவர் கீழிருந்து படித்து, அந்த வரிசையிலேயே செய்திருக்கிறார். நான்கு நாளாக.

"ஆனா படிக்கிறப்ப எல்லாம் நல்லாப் புரிஞ்சுது" என்றார். நான் வரி உடைத்து எழுதியதில் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அர்த்தம் வந்திருக்கிறது. அதன் பிறகு அவருக்குக் கடைசிக் குறிப்பை மேலேயும் முதல் குறிப்பை அடியிலும் எழுதினேன்.

அடுத்தடுத்த மூன்று சனிக்கிழமைகள் போனேன். வாரநாட்களில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் காலையில் கிளட்ச் தட்டுகளைத் தாண்டி ஒரு வெற்றுச்சீட்டு வரும். மாலைக்குள் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிவிடுவேன். நேரில் சொல்வதைவிட அது எனக்கும் சுலபம்.

இந்த விளையாட்டில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சேற்றில் மாட்டினால் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துவது. சக்கரம் சுழலச் சுழல வண்டி தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். குறைந்த கியர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, விரலில் பாதி அழுத்தம், அவ்வளவு போதும். அவருக்கு இதில் பாதியை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரு பக்கச் சக்கரங்களையும் பூட்டி ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் பற்றி எழுதியிருந்தேன். அதன் பற்சக்கரத்தில் எத்தனை பல் என்று அவர் எனக்குச் சொன்னார். எப்போது போடுவது என்பதுதான் தெரியாது. போட்டதை எடுக்காமல் தார்ச்சாலையிலும் ஓட்டி, டீசல் தீர்ந்துபோய், "வண்டியில கசிவு இருக்கு தம்பி" என்பார்.

வின்ச் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. வண்டியின் முகத்தில் இருந்து ஒரு இரும்புக் கயிறு கிளம்பிப் போய் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். "ஒல்லி மரத்துல கட்டாதீங்க, பிடுங்கிட்டு வரும்" என்று எழுதியிருந்தேன். அவர் ஒவ்வொரு மரத்தையும் கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக்கூட இப்படிப் பார்த்ததில்ல" என்று சமையலறையில் இருந்து குரல் வரும்.

"நீ சும்மா இரு, பள்ளம் வருது."

"குளியலறைத் தரை ஈரமா இருந்தாலே சுத்திப் போற ஆளு. பள்ளத்துல இறங்கப் போறாராம்."

அவரால் விடமுடியாத தவறு வேறு. ஏற்றுவது. ஜீப்பின் தலைமேல் மாற்றுச் சக்கரம் இரண்டு, டீசல் கேன் நான்கு, பழுதுபார்க்கும் பெட்டி. லாரியென்றால் பின்னால் ஒரு டிரெய்லர் நிறைய அதே பொருட்கள். தலைகனத்த வண்டி சரிவில் சாயும். சாய்ந்தது. ஒரே மதியத்தில் ஒன்பது முறை. 'பாரம் குறைவாக இருந்தால்தான் மலை ஏறும்' என்று மூன்று சீட்டில் எழுதினேன். மூன்றையும் படித்தார். "வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு நான்கு கேனையும் மறுபடி ஏற்றினார். அது விளையாட்டுச் சந்தேகம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான்காவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. "நீங்க பக்கத்துல இருந்தா போதும், ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று வரச் சொல்லியிருந்தார். பெயர் கேட்ட இடத்தில் அவர் தன் பதவியைத்தான் அடிக்கச் சொல்லியிருந்தார். ஆகவே மகளின் திரையில், 'கிடங்குப் பொறுப்பாளர் உங்களுடன் சேர விரும்புகிறார்' என்று போயிருக்கும்.

பதில் வரவில்லை. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுத்தமாகச் சவரம் செய்து, வேலைக்குப் போடுகிற சட்டை.

"நான் போன் பண்ணிச் சொல்லவா?" என்றார் மனைவி.

"வேணாம். சீட்டு போயிருக்கு. அவங்க பார்க்கட்டும்."

பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வட்டம் மறைந்தது. ஒரு காடு, மழை, பக்கத்தில் நின்றிருந்த மஞ்சள் லாரி. தொலைக்காட்சிக்குள் இருந்து ஒரு பெண் குரல்:

"யாரு ஓட்டுறது? அம்மாவா?"

"நானில்லடி."

"நான்தான்மா" என்றார் அவர்.

மஞ்சள் லாரியின் இன்ஜின் ஒருமுறை உறுமி அடங்கியது.

"சரி. டீசல் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"டாங்க் நிறைய. மேல நாலு கேன். பின்னால டிரெய்லர்ல..."

"யாருப்பா இவ்வளவு ஏத்தச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சதுப்பைத் தாண்டி, உடைந்த பாலத்துக்கு இரும்பு கொண்டுபோக வேண்டும். அவள் முன்னால் போனாள். அவள் சக்கரம் பதிந்த தடத்திலேயே போனால் தப்பித்துவிடலாம். இவரும் அப்படித்தான் போனார், பாதிதூரம் வரை. பிறகு டிரெய்லர் ஒரு பக்கம் வழுக்கியது. லாரி கதவு மட்டத்துக்குச் சேற்றில் இறங்கியது. எழுதிக் கொடுத்ததெல்லாம் பறந்துவிட்டது. விரல் வெளுக்க ஆக்சிலேட்டரை அழுத்தினார். புகை. திரையின் மூலையில் சிவப்பு விளக்கு.

"அப்பா, விரலை எடுங்க."

"எடுத்தா கீழ போயிடும்மா."

"போகாது. எடுங்க."

எடுத்தார். கன்ட்ரோலரை மடியில் வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். லாரி ஒரு விரற்கடை இறங்கி, அங்கேயே நின்றது. மஞ்சள் லாரி பின்பக்கமாக மெல்ல இவரை நோக்கி வந்தது. அது வந்து சேர நேரம் பிடித்தது. அந்த நேரத்தில்தான் சொன்னார், திரையைப் பார்த்தபடியே:

"அன்னைக்கு நான் அங்க போன் பண்ணினது தப்பும்மா."

சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. எழுந்தால் நாற்காலி கிரீச்சிடும்.

"இப்ப அதைப் பேசாதீங்க" என்றாள் மகள். "முதல்ல டிரெய்லரைக் கழட்டுங்க."

"அதுலதானேம்மா எல்லாம் இருக்கு."

"அதனாலதான் மாட்டிக்கிட்டிருக்கீங்க. கழட்டுங்கப்பா."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல?"

அவர் கன்ட்ரோலரை எடுத்தார். எந்தப் பொத்தான் என்று நான் காட்டவேண்டியிருந்தது. அவருக்குத் தெரியும், ஆனால் அதற்கு முன் ஒருமுறைகூட அதை அழுத்தியதில்லை. டிரெய்லர் கழன்றது. மாற்றுச் சக்கரங்களும் கேன்களும் சேற்றில் சாய்ந்து நின்றன. அவளுடைய வின்ச் கயிறு வந்து இவர் வண்டியின் முகத்தில் மாட்டிக்கொண்டது.

"குறைஞ்ச கியர் போடுங்க. லாக் போட்டீங்களா? இப்ப பாதி அழுத்தம். பாதின்னா பாதி. ஆங்... அப்படித்தான். இடது பக்கம் ஒடிங்க. இன்னும். பரவாயில்லப்பா, நல்லாத்தான் ஓட்டுறீங்க."

லாரி முனகி, குலுங்கி, ஒரு கல்லின் மேல் ஏறியது. பிறகு திடமான தரை. அவர் மூச்சு விட்ட சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரித்தாள்.

பாலம் வரை போக இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியில் தானாகவே சொல்லிக்கொண்டு வந்தாள்: கோபுரத்துக்குள் ஏணி எப்படி இருக்கும், இடுப்பில் கட்டுகிற பட்டையில் எத்தனை கொக்கி, முதல் நாள் பாதியில் உட்கார்ந்து அழுதது, அன்று இறங்காமல் ஏறியது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். கொக்கியைப் பற்றி மட்டும் கேட்டார்: "மாத்துக் கொக்கி இருக்கும்லம்மா?"

"இருக்குப்பா. ரெண்டு. எப்பவும் ஒண்ணு மாட்டியிருக்கணும்."

"சரி" என்றார். "சரி சரி."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த மனைவி, தன் முறை வரும் என்று காத்திருந்து, வராததால் உள்ளே போய்ச் சத்தமில்லாமல் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் மதியம் கிடங்கில் என் மேசைக்கு ஒரு கட்டு வந்தது. நான் எழுதிய பதினான்கு சீட்டுகளும், துளையிட்டு நூல் கோத்து. ஒவ்வொன்றின் அடியிலும், 'பொருள் சரியாகப் பெறப்பட்டது', கையெழுத்து, தேதி.

அதன் பிறகு அது ஞாயிறு தவறாத வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமைகளில் போர்மேன் சன்னலில் வந்து, "என்னண்ணே, நேத்து எத்தனை தடவை கவுந்தீங்க?" என்று கேட்பார், இவர் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வார். கேன்களை இரண்டாகக் குறைத்திருந்தார். அதற்குக் கீழே அவர் இறங்கவில்லை. மகளும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

வருடக் கடைசியில் விடுமுறைக்கு வந்தவள், ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவர் அதிகாரி அறையில் இருந்தார். அவள் கிளட்ச் தட்டுகளைச் சுற்றிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள். கையில் தழும்பு, நெற்றியில் தலைக்கவசம் அழுத்திய தடம்.

"நீங்கதான் அந்தச் சீட்டு எழுதின அண்ணனா? நேர்ல சொல்லவே மாட்டீங்களாமே."

நான் தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டு, அவர் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தாள். இங்கேயே ஒரு நல்ல மடிக்கணினி எங்கே வாங்கலாம் என்று எனக்குத் தெரியுமா, அப்பாவுக்குத் தெரியாமல் வாங்க வேண்டும் என்றாள். அவளுடையது பழுதாகிவிட்டதாம். எப்போது என்று கேட்டேன்.

அப்பா முதன்முதலாக வந்து சேர்ந்த அந்த ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் விடுதியிலிருந்து இரண்டு பேருந்து மாறி, ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு தோழியின் அறைக்குப் போய்த்தான் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.